சிறு கடைக்கும் ஓர் ஒழுங்கு நூல்



அரசாங்க உத்தியோகத்தருக்குத் தாபன விதிக்கோவை என்றொரு நூல் உண்டு. எத்தனை நாள் லீவு, அதனை அனுமதிப்பவர் யார், பிழை செய்தவர்மீது எவ்வாறு குற்றஞ்சாட்டுவது, அவர் எவ்வாறு மறுமொழி கூறுவது என்பனவெல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கின்றன. அந்நூலை முழுவதும் படித்தவர் மிகச் சிலரே. ஆயினும், தமக்கு ஓர் இடர் வந்துற்றவிடத்து அதனைத் திறந்து பார்க்கலாம் என்னும் தைரியம் கடைநிலை ஊழியருக்கும் உண்டு. பட்டினத்து இரும்புக்கடையிலோ புடைவைக்கடையிலோ பணிபுரிபவருக்கு அத்தகைய நூல் எதுவுமில்லை. முதலாளியின் வாய்ச்சொல்லே அவருக்கு விதி. அச்சொல் காலையில் ஒன்றாகவும் மாலையில் வேறொன்றாகவும் இருத்தல் கூடும். முதலாளி கொடியவர் என்பதன்று இதன் பொருள். காலையிற் சொன்னதை அவரே மறந்துவிடுகிறார்.

"பத்துப்பேர் வேலைசெய்யும் கடைக்கு நூல் எதற்கு? இங்கே எல்லோரும் ஒரு வீட்டுப் பிள்ளைகள் போலத்தான்" என்று சொல்லும் முதலாளிகள் பலர். அவர்கள் மனதறிந்து பொய் சொல்லவில்லை. பொங்கலுக்கு உடுப்பு வாங்கிக் கொடுப்பவர்களும், ஊழியர் வீட்டு மரணத்துக்கு முதல் ஆளாய்ப் போய் நிற்பவர்களும் அவர்களே. எனினும், வீட்டிலே பிள்ளையை எவரும் வேலையால் நிறுத்துவதில்லை. கடையில் நிறுத்தலாம். அந்த ஒரு வேற்றுமை இருக்கும்வரை, ஊழியர் எதைச் செய்தால் நிறுத்தப்படுவார், எதைச் செய்தால் நிறுத்தப்படமாட்டார் என்பதை அவர் முன்னரே அறிந்திருத்தல் வேண்டும்.

ஒரு கடையை மனக்கண்முன் நிறுத்திப் பாருங்கள். பதினொருவர் வேலைசெய்யும் புடைவைக்கடை அது. தொடங்கியவர் முப்பது ஆண்டுகள் நடத்திவிட்டு இப்போது முதுமையினால் வீட்டில் இருக்கிறார். மகன் கல்லாவில் அமர்ந்திருக்கிறார். கணக்கப்பிள்ளை தந்தை காலத்து மனிதர். அவர் தம் மகளின் திருமணத்துக்குப் பத்து நாள் லீவு கேட்டார். "போய்விட்டு வாருங்கள் அண்ணை" என்று மகன் உடனே சொன்னார். சம்பளமும் குறைக்கப்படவில்லை. இரண்டு மாதம் கழித்து, விற்பனைப் பகுதியில் நிற்கும் பெண்பிள்ளை தாயாரை ஆஸ்பத்திரியிற் சேர்த்துவிட்டு ஐந்து நாள் லீவு கேட்டாள். தீபாவளி வியாபாரம் நெருங்கிய நேரம்; இரண்டு நாள்தான் என்றார் முதலாளி. அவள் ஐந்து நாளும் நின்றாள். மூன்று நாட் சம்பளம் வெட்டப்பட்டது. முதலாளிக்கு அவளிடம் பகையில்லை. கணக்கப்பிள்ளையிடம் தனிப்பற்றும் இல்லை. ஒருவர் கேட்டபோது கடை ஓய்ந்திருந்தது, மற்றவர் கேட்டபோது கடை நிரம்பியிருந்தது, அவ்வளவே. ஆனால், அந்தப் பதினொரு பேருள் எவரும் அதனை அப்படி விளங்கிக்கொள்ளவில்லை. வயதானவருக்கு ஒரு நீதி, ஏழைப் பெண்ணுக்கு ஒரு நீதி என்றே பேசிக்கொண்டனர். அவளுக்கு ஆண்டுக்கு எத்தனை நாள் லீவு உரியது என்பது முதலாளிக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. அங்கேதான் தொல்லை பிறந்தது.

அதே கடையில் வேறொன்றும் நடந்தது. ஒருநாள் மாலை கல்லாப்பெட்டியில் 3,500 ரூபா குறைந்தது. அன்று பெட்டியைத் திறந்தவர்கள் மூவர். முதலாளி மதிய உணவுக்குச் சென்றபோது கணக்கப்பிள்ளை திறந்தார். கணக்கப்பிள்ளை வங்கிக்குப் போனபோது அப்பெண் திறந்தாள். முதலாளியின் மைத்துனர் வந்து சில்லறை மாற்றிக்கொண்டு போனார். எவரிடம் எவ்வளவு ஒப்படைக்கப்பட்டது என்பதற்கு ஓர் எழுத்தும் இல்லை. பணம் அப்பெண்ணின் சம்பளத்திற் கழிக்கப்பட்டது. கள்ளி என்று எவரும் அவளைச் சொல்லவில்லை. கழித்ததே சொன்னதற்கு ஒப்பாயிற்று. அடுத்த மாதம் அவள் வேலைக்கு வரவில்லை. சிறிய பட்டினத்தில் ஒரு கடையிலிருந்து அவ்வாறு நின்றவளை அடுத்த கடைக்காரர் எளிதில் எடுத்துக்கொள்வாரா என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஒரு தாளில் நான்கு வரி எழுதப்பட்டிருந்தால் ஒரு பெண்ணின் பெயர் காக்கப்பட்டிருக்கும்.

இத்தகைய எழுத்து புதுமையானதன்று. இங்கிலாந்திலே, பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அம்புரோஸ் குரோலி என்னும் இரும்புத்தொழிலதிபர் தம் தொழிலகங்களுக்கென்று ஒரு சட்டநூலே எழுதுவித்தார். தொழிலகங்கள் வடக்கே நியூகாசில் நகருக்கு அண்மையில் இருந்தன. அவர் வாழ்ந்ததோ தெற்கே இலண்டனில். தாம் இல்லாத இடத்தில் தம் சொல் நிற்கவேண்டும் என்பதே அவர் நோக்கம். கடிகாரத்தின் முள்ளை எவரும் திருப்பிவிடாதபடி காப்பது எவ்வாறு என்பது வரை அந்நூல் பேசுகின்றது. வேலை நேரமோ வாரத்துக்கு 80 மணித்தியாலம். முதலாளியின் நன்மையையே பெரிதும் நோக்கிய நூல் அது என்பதில் ஐயமில்லை. ஆயினும், நோயுற்ற தொழிலாளருக்கு மருத்துவமும் அவர்தம் பிள்ளைகளுக்குப் பள்ளியும் அந்த ஏற்பாட்டில் இடம்பெற்றிருந்தன. முதலாளி கண்முன் இல்லாதபோதுதான் எழுத்து வேண்டப்படுகிறது என்பதை அவர் கண்டுகொண்டார். தந்தை வீட்டிலும் மகன் கல்லாவிலும் இருக்கும் கடைக்கும் இது பொருந்தும். முதலாளி கொழும்புக்குச் சரக்கெடுக்கப் போகும் நாளுக்கும் பொருந்தும்.

எழுதத் துணிந்தவர் முதலிற் செய்யும் தவறு, பெரிய கம்பனி ஒன்றின் நூலை எங்கிருந்தோ பெற்றுவந்து பெயரை மாத்திரம் மாற்றிக்கொள்வது. இப்போது அது மிக எளிது. கைபேசியிலேயே ஆயிரம் கிடைக்கின்றன. அந்நூலில் மனிதவளப் பிரிவு என்று ஒன்று வரும். முறைப்பாட்டுக் குழு என்று மற்றொன்று வரும். இக்கடையில் இருப்பவரோ பதினொருவர். ஒழுங்கைக்குள் தேர் இழுத்தாற் போலத்தான் அது முடியும். தேரும் நகராது; வேலியும் மிஞ்சாது. அதைவிடக் கேடு, எழுதியதை நடத்த இயலாமற் போவது. எழுதி நடத்தாத விதி, எழுதாத விதியிலும் பொல்லாதது, வழக்கென்று வந்தால், "நீரே எழுதிய முறையை நீரே ஏன் கைக்கொள்ளவில்லை?" என்ற கேள்விக்கு மறுமொழி இராது.

ஆதலின், தொடக்கம் கடையிலேயே இருத்தல் வேண்டும். முதலாளி ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு, ஒரு மாத காலம், ஊழியர் தம்மிடம் வந்து கேட்கும் கேள்விகளை அப்படியே குறித்துவைக்கட்டும். "நாளைக்கு அரைநாள் நிற்கலாமா?", "முற்பணம் ஐயாயிரம் கிடைக்குமா?", "போயா தினத்தில் கடை திறந்தால் என்ன கணக்கு?", "வாங்கிய புடைவையை ஒருவர் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறார், என்ன செய்வது?" என்று வருவனவெல்லாம் அக்கொப்பியில் ஏறட்டும். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளே நூலின் அத்தியாயங்கள். மாத முடிவில் ஊழியரை அமரச்செய்து அக்குறிப்புகளை வாசித்தால், முதலாளி அறியாத சில வழக்கங்களும் வெளிவரும். பின்கட்டிலே இரண்டு ஆண்டாக ஒருவர் மாத்திரமே மூட்டை தூக்கி வருகிறார் என்பதும், மதிய உணவுக்குச் சிலர் அரைமணி நேரமும் சிலர் ஒரு மணி நேரமும் எடுக்கின்றனர் என்பதும் அப்போதுதான் தெரியும்.

அடுத்து, சட்டம். இதனை விரிவாகச் சொல்வது அவசியம். ஏனெனில் முதலாளியும் ஊழியரும் கூடிப் பேசி எதனையும் முடிவுசெய்துகொள்ளலாம் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அது சரியன்று. சட்டம் ஒரு தரையை இட்டிருக்கிறது. நூல் அத்தரைக்கு மேலே எவ்வளவும் உயரலாம். கீழே ஓர் அங்குலமும் இறங்க இயலாது.

கடைகளுக்கும் காரியாலயங்களுக்கும் உரிய சட்டம் 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டமாகும். அதன்படி, சாதாரண வேலைநேரம் நாளொன்றுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம். உணவு வேளை இதிற் சேராது. அதற்கு மேற்பட்ட நேரத்துக்கு ஒன்றரை மடங்கு வீதம் கொடுத்தல் வேண்டும். அவ்வாறான மேலதிக நேரமும் வாரத்துக்கு 12 மணித்தியாலத்துக்கு மேற்படலாகாது. தீபாவளிக்கும் நத்தாருக்கும் முன்வரும் வாரங்களில் இரவு பத்துமணி வரை திறந்திருக்கும் கடைகள் இக்கணக்கைக் கவனிக்கின்றனவா என்பதை அவரவர் நெஞ்சே அறியும். பெண்களையும் இளம் வயதினரையும் இரவு வேளையில் வேலைக்கு அமர்த்துவதற்குத் தனிக் கட்டுப்பாடுகள் உள்ளன. வேலைக்கு அமர்த்தக்கூடிய மிகக் குறைந்த வயது 2021ஆம் ஆண்டில் 14இலிருந்து 16ஆக உயர்த்தப்பட்டது. பாடசாலை விடுமுறைக்குப் பக்கத்து வீட்டுப் பையனைக் கடைக்கு அழைக்கும் பழக்கமுள்ளோர் இதனை நினைவிற் கொள்ளுதல் நன்று.

வாரத்துக்கு ஒன்றரை நாள் விடுமுறை உண்டு. முதலாண்டு கழிந்தபின் வருடாந்த லீவு 14 நாள். அதில் ஏழு நாளாவது தொடர்ச்சியாக எடுக்கப்படவேண்டும். வேலைக்குச் சேர்ந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டில் எத்தனை நாள் என்பது சேர்ந்த மாதத்தைப் பொறுத்தது: தை முதல் பங்குனி வரை சேர்ந்தவருக்கு 14, சித்திரை முதல் ஆனி வரை 10, ஆடி முதல் புரட்டாதி வரை 7, அதன்பின் சேர்ந்தவருக்கு 4. இங்கு மாதப் பெயர்கள் ஆங்கில மாதங்களுக்கு வழங்குவன என்றே கொள்ளுக. இவற்றைவிட, சொந்த அலுவலுக்கும் சுகயீனத்துக்கும் ஆண்டுக்கு 7 நாள் அமய லீவு; முதலாண்டிலே இரண்டு மாத வேலைக்கு ஒரு நாள் வீதம். தாயாரை ஆஸ்பத்திரியிற் சேர்த்த அந்தப் பெண்பிள்ளைக்கு உரிமையாகவே லீவு இருந்தது. அவள் இரந்து நின்றது தேவையற்றது. கணக்கப்பிள்ளையின் பத்து நாளும் முதலாளியின் கொடையன்று. வருடாந்த லீவிலே கழிக்கப்படவேண்டியது. இரண்டையும் ஒரு பதிவேட்டில் எழுதியிருந்தால் இருவருக்கும் ஒரே நீதிதான் என்பதை எல்லோரும் கண்ணாற் கண்டிருப்பர்.

நூலில் எழுதவேண்டியது இன்னும் சிறிது உண்டு. சட்டம் எண்ணிக்கையைச் சொல்கிறது. எவ்வாறு கேட்பது என்பதைக் கடைதான் சொல்லவேண்டும். வருடாந்த லீவை எத்தனை நாள் முன்னர் கேட்பது? திடீரென நோயுற்றவர் எவருக்கு, எத்தனை மணிக்குமுன் தொலைபேசியில் அறிவிப்பது? தீபாவளிக்கு முந்திய இரண்டு வாரத்தில் ஒரே நாளில் எத்தனைபேர் நிற்கலாம்? இருவர் ஒரே நாளைக் கேட்டால் எவருக்கு முதலிடம்? முந்திக் கேட்டவருக்கு என்று ஒரு கடை எழுதலாம். சென்ற ஆண்டு விட்டுக்கொடுத்தவருக்கு என்று இன்னொரு கடை எழுதலாம். இரண்டும் நேர்மையானவையே. எதுவும் எழுதாமல் முதலாளியின் முகத்தைப் பார்க்கவைப்பதுதான் நேர்மையற்றது.

பிரசவ லீவு 84 நாள். முன்னர் மூன்றாவது பிள்ளைக்கும் அதற்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கும் அதிற் பாதியே இருந்தது. 2018ஆம் ஆண்டுத் திருத்தங்கள் அவ்வேறுபாட்டை நீக்கின. பழைய கணக்கை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கும் கடைகள் இருப்பின் மாற்றிக்கொள்ளவேண்டும்.

விடுமுறை நாள்களைப் பற்றி ஒரு சிறு வரலாறும் உண்டு. 1966 முதல் 1971 வரை இந்நாட்டில் ஞாயிற்றுக்கிழமைக்குப் பதிலாகப் போயா நாள்களே வாராந்த விடுமுறையாக இருந்தன. சந்திரன் போக்குக்கேற்ப விடுமுறை மாறி மாறி வரவே, வாரத்தின் கிழமைப் பெயர்கள்கூடச் சிலருக்குக் குழம்பின. ஞாயிறு மீண்டபின்னும் பூரணைப் போயா விடுமுறையாகவே நிலைத்தது. அந்நாளில் கடை திறந்து வேலை வாங்கினால் அன்றைய சம்பளம் ஒன்றரை மடங்கு. தைப்பொங்கல், சுதந்திர தினம், மே தினம் போன்ற ஏனைய சட்ட விடுமுறைகளில் வேலை செய்தால் பதிலுக்கு ஒரு நாள் ஓய்வோ இரட்டிப்புச் சம்பளமோ உரியது. இரண்டுக்கும் கணக்கு வேறு என்பதால் நூலில் இரண்டையும் தனித்தனியே எழுதுவது தெளிவு.

இங்கே எச்சரிக்கை ஒன்று. அச்சகம், வெதுப்பகம் முதலான பல தொழில்களுக்கு 1941ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்கீழ்ச் சம்பளச் சபைகள் உண்டு. அவற்றுக்கு நேரமும் லீவும் வேறாக அமையும். கடையின் முன்புறத்திற் பாண் விற்பவருக்கு ஒரு சட்டம், பின்புறத்திற் போறணையில் நிற்பவருக்கு மற்றொரு சட்டம் என்றும் நேரலாம். எந்தச் சட்டம் எவருக்கு என்பதை முதலிற் கேட்டறிந்தபின்னரே பேனையை எடுக்கவேண்டும்.

இனிச் சம்பளம். 2016ஆம் ஆண்டிலே நாடு முழுவதற்கும் உரிய ஆகக் குறைந்த மாதச் சம்பளம் 10,000 ரூபா எனச் சட்டமாயிற்று. அத்தொகை பின்னர் பலமுறை உயர்ந்தது. இவ்வாறு மாறும் தொகைகளை நூலின் உள்ளே எழுதலாகாது. கடைசியில் ஒரு தனித்தாளை ஒட்டி, அதில் திகதியிட்டு எழுதினால் அத்தாளை மாத்திரம் மாற்றிக்கொள்ளலாம். நூலினுள்ளே எழுதவேண்டியவை, சம்பளம் எந்த நாளிற் கொடுக்கப்படும், அந்நாள் விடுமுறையாயின் முன்னாளா பின்னாளா, சம்பளத் துண்டில் என்னென்ன காட்டப்படும் என்பவையே.

ஊழியர் சேமலாப நிதியைப் பற்றி மௌனமாக இருக்கும் ஒழுங்கு நூல் நூலே அன்று. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி ஊழியர் பங்கு நூற்றுக்கு 8, முதலாளி பங்கு நூற்றுக்கு 12. 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டப்படி ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி மேலும் நூற்றுக்கு 3 கட்டவேண்டும். அதில் ஊழியரிடம் ஒரு சதமும் கழிக்கலாகாது. ஒருவரே வேலைசெய்யும் கடைக்கும் இது உண்டு. தகுதிகாண் காலத்திலிருப்பவருக்கும் முதல் நாளிலிருந்தே உண்டு. "ஆறு மாதம் பார்த்துவிட்டுக் கட்டுவோம்" என்பது பலரிடம் கேட்கும் சொல். சட்டத்தில் அதற்கு இடமில்லை.

ஊழியர் தாமே வந்து, "எனக்கு அது வேண்டாம், முழுச் சம்பளத்தையும் கையில் தாருங்கள்" என்று கேட்பதும் உண்டு. வீட்டு வாடகையும் பிள்ளைகளின் பால்மாவும் அவரை அப்படிக் கேட்கவைக்கின்றன. கணக்கைப் பாருங்கள். மாதச் சம்பளம் 40,000 ரூபா எனில் அவர் பங்கு 3,200 ரூபா. அதைக் கையிற் பெறுவதற்காக அவர் இழப்பது முதலாளி சேமலாப நிதிக்குக் கட்டும் 4,800 ரூபாவும், நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குக் கட்டும் 1,200 ரூபாவும். பத்து ஆண்டில், வட்டியைச் சேர்க்காமலே, அவ்விழப்பு 720,000 ரூபா. அவர் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தாலும் அவ்வெழுத்துச் செல்லாது. நிலுவையும் மேற்கட்டணமும் முதலாளி தலையில்தான் விழும். இக்கணக்கை நூலிலே ஓர் உதாரணமாக எழுதிவைத்தால், அவ்வாறு கேட்க வருபவருக்கு வாசித்துக் காட்டலாம்.

கல்லாப்பெட்டிக்கு மீண்டும் வருவோம். அதற்குரிய விதி நீளமானதாக இருக்கவேண்டியதில்லை. ஒரு வேளைக்கு ஒரு பெட்டி, ஒருவர் பொறுப்பு. பொறுப்பேற்கும்போது பணம் எண்ணப்படும். கைமாறும்போது மீண்டும் எண்ணப்படும். இரு தடவையும் கொடுப்பவரும் பெறுபவரும் சிறு கொப்பியில் தொகையை எழுதிக் கையொப்பமிடுவர். பொறுப்பில் இல்லாத எவரும், முதலாளியும் அவர் உறவினரும் உட்பட, எழுதாமற் பணம் எடுக்கலாகாது. இக்கடைசி வசனத்தை எழுதுவதற்குத்தான் முதலாளிக்குக் கை வராது. அதை எழுதாவிட்டால் மற்றவை பயனற்றவை. குறைவு ஏற்பட்டால் அதே நாளில் இருவர் முன்னிலையில் மீண்டும் எண்ணி, குறிப்பெழுதி, பொறுப்பிலிருந்தவர் தம் விளக்கத்தைச் சொல்ல இடமளிக்கவேண்டும். சம்பளத்திற் கழிப்பது முதலாளியின் விருப்பத்துக்கு விடப்பட்டதன்று. சட்டம் அனுமதித்த காரணங்களுக்கு, அனுமதித்த அளவிலேயே கழிக்கலாம்.

முற்பணமும் அவ்வாறே. கேட்கும்போதெல்லாம் கொடுத்து, கணக்கு மறந்து, வேலையைவிட்டு நிற்கும் நாளில் இருபக்கமும் வெவ்வேறு தொகை சொல்வது வழக்கமாகிவிட்டது. எவ்வளவுவரை கொடுக்கப்படும், எத்தனை தவணையில் அறவிடப்படும், முன்னையது முடியாமல் அடுத்தது உண்டா என்பவற்றை எழுதி, ஒவ்வொன்றுக்கும் இரு பிரதி வைத்துக்கொண்டால் போதும்.

தண்டனைப் பகுதியைத்தான் பலர் முதலில் எழுத விரும்புகின்றனர். அது கடைசியில் வரவேண்டியது. பிந்தி வருதல், அறிவிக்காமல் நிற்றல், கைபேசியில் நெடுநேரம் பேசுதல் போன்றவற்றுக்கு வாய்மொழி எச்சரிக்கை, பின் எழுத்து எச்சரிக்கை என்று படிகள் அமையலாம். களவு, கைகலப்பு, குடித்துவிட்டு வருதல், உடன் பணிபுரியும் பெண்ணிடம் தகாத முறையில் நடத்தல் ஆகியவை வேறு வகை. கடைசியாகச் சொன்னது 1995ஆம் ஆண்டிலிருந்து தண்டனைச் சட்டக்கோவைப்படியே குற்றம். அதனைப் பற்றி முறையிட அஞ்சும் பெண், கல்லாவிலிருக்கும் ஆண்மகனிடம் போய்ச் சொல்வாள் என்று எதிர்பார்ப்பது நடைமுறைக்கு ஒவ்வாது. முதலாளியின் மனைவியோ, கடையிலுள்ள மூத்த பெண்ணொருவரோ அதனைக் கேட்பவராக நூலிற் குறிக்கப்படலாம். குற்றஞ்சாட்டப்பட்டவர் கடை முதலாளியின் உறவினராயிருந்தால் என்ன செய்வது என்பதையும் அப்போதே எழுதிவிடவேண்டும். பின்னர் எழுத முடியாது.

எந்தக் குற்றமாயினும் நடைமுறை ஒன்றே. குற்றம் இன்னது, இன்ன திகதியில் நடந்தது என்று எழுத்திற் கொடுத்து, விளக்கம் சொல்ல நாள் கொடுத்து, கேட்டபின் முடிவு செய்து, முடிவையும் காரணத்தையும் எழுத்திற் கொடுத்தல். பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலைசெய்யும் நிலையமாயின் 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டமும் வந்து சேரும். ஒழுக்காற்றுக் காரணத்தால் நிறுத்தினால், நிறுத்தியபின் இரண்டாவது வேலைநாள் முடியுமுன் காரணத்தை எழுத்திற் கொடுக்கவேண்டும். வேறு காரணத்தால் நிறுத்துவதாயின் ஊழியரின் எழுத்துச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் முன் அனுமதியோ வேண்டும். 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டமும் அதே பதினைந்து என்ற எண்ணிலிருந்தே ஐந்தாண்டு சேவை செய்தவருக்குக் கடமையாகிறது. மாதச் சம்பளம் பெறுவோருக்கு ஓராண்டுக்கு அரைமாதச் சம்பளம் என்பது கணக்கு. பதினான்காம் ஆளோடு நிறுத்திக்கொள்ளும் முதலாளிகள் இருக்கின்றனர் என்பர். அவர்களும் ஒன்றை மறக்கலாகாது. நீதியின்றி நிறுத்தப்பட்டவர் தொழில் நியாய சபைக்குப் போவதற்கு ஆள்தொகை தடையன்று. 1957ஆம் ஆண்டுத் திருத்தத்தின்மூலம் அமைந்த அச்சபை, நீதியும் நேர்மையுமான கட்டளை எதுவோ அதனை இடும் அதிகாரமுடையது.

எழுதும் மொழியைப் பற்றிச் சில சொல்லலாம். "ஊழியர்கள் பொறுப்புணர்ச்சியோடு நடந்துகொள்ளல் வேண்டும்" என்று எழுதினால் எவருக்கும் எதுவும் விளங்காது. "காலை எட்டரை மணிக்குக் கதவு திறக்கும், எட்டு நாற்பதுக்குப் பின் வருபவர் பதிவேட்டில் நேரத்தையும் காரணத்தையும் எழுதுவார்" என்று எழுதினால் விளங்கும். கடையிலே வழங்கும் சொற்களையே கையாளுக. லீவு என்று வழங்குமிடத்தில் விடுப்பு என்று எழுதவேண்டியதில்லை. சிங்களம் பேசும் ஊழியர் இருந்தால் அவருக்குச் சிங்களத்திலும் ஒரு பிரதி வேண்டும். வாசிப்பிற் பின்னிற்பவர் ஒருவர் இருந்தாலும் நூலை முழுவதும் உரக்க வாசித்துக் காட்டவேண்டும். அவர் ஒருவருக்காக அன்றி எல்லோரையும் இருத்தி வாசித்தால் அவருக்கும் கூச்சமிராது. இருபது பக்கத்துக்கு மேற்பட்டால் எவரும் திறக்கமாட்டார். பதினைந்தே நல்லது. எழுதத் தயங்கும் முதலாளிக்கு இளைப்பாறிய எழுதுவினைஞர் ஒருவரோ ஆசிரியர் ஒருவரோ ஊரிற் கிடையாமற் போகார். ஆனால் விதியை முடிவுசெய்வது அவர் வேலையன்று.

நியமனக் கடிதம் வேறு, ஒழுங்கு நூல் வேறு. வேலையின் பெயர், சம்பளம், தகுதிகாண் காலம் ஆகியவை ஒவ்வொருவருக்கும் தனித்தனியான கடிதத்தில் வரவேண்டும். கடைகள் காரியாலயங்கள் சட்டப்படி அக்கடிதம் கொடுப்பது முதலாளியின் கடமை. எல்லோருக்கும் பொதுவானது நூலில் வரும். கடிதத்திலே நூலைக் குறிப்பிட்டு, ஊழியர் ஒரு பிரதியைப் பெற்றதாகக் கையொப்பமிடச் செய்தால் போதியது. விதியை மாற்றுவதாயின் முன்னறிவித்து, திகதியிட்டு மாற்றவேண்டும். நடந்துமுடிந்த ஒன்றுக்குப் புதிய விதியைப் பின்னோக்கிப் பொருத்தலாகாது.

ஒரு பிரதி கல்லாவுக்குப் பின்னால் அலுமாரியிற் பூட்டப்பட்டிருந்தால் அது எவருக்கும் உதவாது. உணவருந்தும் இடத்தில், ஆணியிற் கட்டித் தொங்கட்டும். எழுதி முடித்த வரைவை அச்சிடுமுன், மாவட்டத்திலுள்ள தொழிற் திணைக்களக் காரியாலயத்துக்கு எடுத்துச் சென்று, எந்தச் சட்டம் பொருந்தும், குறைந்த சம்பளம் இப்போது எவ்வளவு, நிதிகளுக்கான பதிவு எவ்வாறு என்று தொழில் உத்தியோகத்தரிடம் கேட்டுத் திருத்திக்கொள்ளலாம். போகும்போது ஊழியரின் பெயர்ப்பட்டியலையும், ஒவ்வொருவரும் வேலைக்குச் சேர்ந்த திகதியையும், சம்பளப் பதிவேட்டையும் கையோடு கொண்டுபோவது நன்று. முதலிற் கேட்கப்படுபவை அவைதாம்.